பாடுகிற வாய்

சர்ச் வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் என் மனைவியின் முகம் ஒரு முழ அகலத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் எங்கள் பாஸ்டர் கைகூப்பிக்கொண்டு, மறுபக்கம் அவளுடைய கோயில் ஃபாதர் கைகூப்பிக்கொண்டு. கீழே வரிசையாகக் கமிட்டி ஆட்கள், கூலிங் கிளாஸ் போட்டவர் உட்பட. நடுவில் அவள். ‘தங்கவயலின் கானக்குயில் திருமதி மரியகுழந்தை’ என்று மஞ்சள் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக, ‘ஒரே அப்பம்! ஒரே ராகம்!’ மூலையில் தபால் தலை அளவுக்கு என் படம், இசை ஏசுபாதம் என்று. என் படம் சின்னதாக இருந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அந்த ராகம் ஒரே ராகம்தான், நான் போட்டது, எனக்குத் தெரியும். அப்பம்தான் பச்சைப் பொய். ஒரு முழ அகலத்துக்குச் சிரிக்கிற அந்த வாய்க்குள் இருபத்தேழு வருஷமாக எந்தச் சர்ச் அப்பமும் போனதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சண்டைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். சண்டைக்காரன்தான், ஆனாலும் காரணம் இருக்கிறது.

எங்களுக்குத் தங்கவயலில் பாலகாட் பக்கம் வீடு. எனக்குப் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் மெயின்டனன்ஸ் வேலை. அப்பா சுரங்கத்தில் ஆளிறக்குகிற கேஜ் பார்த்தார், நான் லிஃப்ட் பார்க்கிறேன். ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் குடும்பத்துக்கு எழுதியிருக்கிறது போல. மற்றபடி பதினாலு வயதிலிருந்து சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறேன், கொயர் நடத்துகிறேன், பாட்டுக்கு மெட்டுப் போடுகிறேன். எங்களுடையது புராட்டஸ்டன்ட் சபை. எந்தச் சபை என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு பேர் பிஷப்புக்குக் கடிதம் எழுதுவார்கள்.

மரியகுழந்தை கத்தோலிக்கப் பெண். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். எங்கள் கல்யாணத்தின்போது அவளுடைய கோயிலில், பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று எழுதிக் கேட்டார்கள். என் அப்பா பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். அதனால் எங்கள் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அவளுடைய கோயிலில் அவளுக்கு நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், கிடையாது. பூசைக்குப் போகலாம், உண்டியலில் போடலாம், தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிப் பெருக்கலாம். எல்லாரும் எழுந்து போய் நாக்கை நீட்டி நன்மை வாங்கும்போது மட்டும் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் தாண்டிப் போக முழங்காலை ஒதுக்கிக்கொண்டு.

சரி, என்னுடைய சர்ச்சிலாவது கொடுப்பார்களா? அங்கேயும் இல்லை. எங்கள் சபையில் திடப்படுத்தல் எடுத்து, திருவிருந்து ரிஜிஸ்டரில் பெயர் ஏறினவர்களுக்குத்தான் அப்பமும் திராட்சை ரசமும். அவளுக்குப் பதிமூன்று வயதிலேயே அவர்கள் பிஷப் தலையில் கைவைத்து உறுதிபூசுதல் கொடுத்தாயிற்று. இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஆனாலும் அது எங்கள் ரிஜிஸ்டரில் செல்லாதாம். வேண்டுமானால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படிக்கலாமாம். அவள் முடியாது என்றுவிட்டாள். வாங்கினதை வாங்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அப்படியே இருபத்தேழு வருஷம் ஓடிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மகள் ஸ்வீட்டி என் பக்கம் வந்தாள், பிறகு கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள்.

போன ஜூன் மாதம் இரண்டு சபைக்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சர்ச்சிலும் திருவிருந்து ஆராதனையை ஒரே இசையில் பாடுவது என்று திட்டம். எங்கள் ஊரில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போகிறோம், சர்ச்சில் மட்டும் ஏன் தனித்தனி என்று யாரோ ஒருவர் உருக்கமாகப் பேசியிருக்கிறார். மெட்டுப் போட என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கூட்டம் முழுக்க, ‘பரிசுத்தர்’ என்று பாடுவதா ‘தூயவர்’ என்று பாடுவதா என்பதிலேயே போயிற்று. எங்கள் ஆட்களுக்கு முதல் சொல், அவர்களுக்கு இரண்டாவது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மேசையைத் தட்டின தட்டில் டீ கொட்டியது. கடவுள் அவர் சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்ப்பார் போல. நான் எழுந்து, ‘பரி’யை ஓடவிட்டு ‘தூ’வை இழுத்தால் இரண்டும் ஒரே தாளத்தில் உட்காரும், அவரவர் சொல்லை அவரவர் பாடிக்கொள்ளுங்கள் என்று பாடியே காட்டினேன். கை தட்டினார்கள். கடைசிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதினார்கள்: இசை பொது, அப்பமும் ரசமும் அவரவர் சபை ஒழுங்கின்படி. ஆதரிக்கிறவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு என் மனைவி ஞாபகத்துக்கு வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரவில்லை.

பாட்டை ரயிலில்தான் போட்டேன். வேறு நேரம் ஏது? மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்புகிற வண்டியில் மூன்றாவது பெட்டி எங்களுடையது. உட்கார இடம் கிடைத்தவர்கள் மடியில் கிடைக்காதவர்களின் பைகள் இருக்கும். ஸ்கெலட்டன் என்கிற பகுதியிலிருந்து வருகிற தாமோதரன் பங்காரப்பேட்டை வரை ஐயப்பன் பஜனை நடத்துவான். அதற்கப்புறம் பெட்டி எங்களுக்கு. அதில் என்னையும் மரியகுழந்தையையும் விட்டு எங்கள் சபை ஆட்கள் ஆறு பேர், கத்தோலிக்கர்கள் ஐந்து பேர். கத்தோலிக்கப் பையன்களில் ரோனி என்று ஒருவன், ஐ.டி. கம்பெனி வேலை, பேட்டரி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சுருதி பிடிப்பான். பஜனை முடிந்தாலும் தாமோதரன் கை சும்மா இருக்காது. டிபன் பாக்ஸ் மூடியில் எங்களுக்கும் தாளம் போடுவான். யார் எந்தச் சபை என்று அந்தப் பெட்டியில் எவனும் கேட்டதில்லை. உட்கார இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

மரியகுழந்தை பாடுவாள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாள். ஆனால் ஓடுகிற வண்டியில், ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, சக்கரச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்பினபோதுதான் இத்தனை நாள் இந்தக் குரலை அடுப்பங்கரையில் பூட்டி வைத்திருக்கிறோம் என்று உறைத்தது. தியாகல்லில் ஏறுகிற பூக்காரம்மா கூடையை இறக்கி வைக்காமலே நின்று கேட்டாள்.

அதனால் கடைசிப் பகுதியை அவளுக்கென்றே போட்டேன். ஆட்டுக்குட்டியானவரைப் பற்றின பாட்டு அது, அப்பம் கொடுக்கிற நேரத்தில் பாடுவது. எங்கள் சர்ச்சில் கூட்டம் அதிகம், எல்லாருக்கும் கொடுத்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அதுவரை பாட்டு அறுபடக் கூடாது. நாலே வரி, முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிற மாதிரி அமைத்தேன். கொயர் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், மேலே அவள் குரல் மட்டும். கொயர் ஆட்கள் நாலு நாலு பேராக இறங்கிப் போய் அப்பம் வாங்கிக்கொண்டு வரலாம், பாட்டு நிற்காது. லிஃப்டை நிறுத்தாமலே சர்வீஸ் பண்ணுகிற மாதிரி. எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அப்படி ஒரு பெருமை. இருபத்தேழு வருஷத்தில் அவளுக்கு நான் கொடுத்ததிலேயே பெரிய பரிசு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை, அந்தப் பகுதியை முழுசாகப் பாடி முடித்தோம். தாமோதரன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டான்.

“அண்ணா, இந்தப் பாட்டு எப்ப வருது?”

“அப்பம் குடுக்கறப்ப.”

“எல்லாரும் எந்திரிச்சிப் போய் வாங்கினு வருவாங்க?”

“ஆமா. கொயர் ஆளுங்ககூட நாலு நாலு பேரா.”

“அக்கா?”

“அவங்க பாடணும் இல்லப்பா. அவங்க நிறுத்தினா பாட்டு நின்னுடும்.”

“அப்ப கடைசில வாங்கிக்குவாங்களா?” என்றான் தாமோதரன். அவனுக்கு எங்கள் விவகாரம் எதுவும் தெரியாது. “கல்யாணத்துல மேளக்காரருக்குக்கூட கடைசிப் பந்தில எல போடறாங்களே, அதான் கேட்டேன்.”

கத்தோலிக்க ஆட்கள் ஐந்து பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எங்கள் ஆறு பேரும் போனைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மரியகுழந்தையைப் பார்த்தேன்.

“மாலூர் வந்துடுச்சி,” என்றாள் அவள். “எறங்கறவங்களுக்கு வழி விடுங்க.”

அன்று பன்னிரண்டாவது மாடியில் மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த காரியத்தை நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் சாப்பிடுகிற இருபது நிமிஷமும் ஒருத்தி மட்டும் எழுந்து போக முடியாதபடி அவளை நிறுத்தி வைக்கிற பாட்டு ஒன்றை, அவளுடைய புருஷனே, பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறான். இவனை எந்தச் செருப்பால் அடிப்பது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதலில் ஃபாதரிடம் போனேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“சின்ன விஷயம்தான் ஏசுபாதம்,” என்றார். “ரெண்டு பேரும் ஒரு நாள் வாங்க. ரெண்டு சாட்சி. பத்து நிமிஷத்துல கல்யாணத்தச் சரிபண்ணிடலாம். அதுக்கப்புறம் மரியகுழந்தை தாராளமா நன்மை வாங்கலாம்.”

“இப்ப எங்க கல்யாணம் இன்னா கோணலாவா இருக்குது ஃபாதர்?”

“திருச்சபை பார்வையில அது இன்னும் கல்யாணமே ஆகல.”

“எனக்கு இருபத்தஞ்சு வயசுல பொண்ணு இருக்கறா ஃபாதர்.”

அவர் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “சட்டத்த நான் எழுதலயேப்பா,” என்றார்.

அங்கிருந்து நேராக எங்கள் பாஸ்டரிடம். சின்ன வயது, பெங்களூரில் வளர்ந்தவர், எல்லாரையும் பிரதர் சிஸ்டர் என்று அன்பொழுகக் கூப்பிடுவார். லேப்டாப்பில் ஆராதனை முறைமையை டைப் பண்ணிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர் நம்ம திடப்படுத்தல் கிளாஸ்ல சேரட்டும் பிரதர். நவம்பர்ல தொடங்குது. பன்னெண்டே வாரம்.”

“அவ ஏற்கெனவே வாங்கினவ பாஸ்டர். ஞானஸ்நானமும் வாங்கினவ. இந்த ஒரு நாளாவது குடுங்க. பாட்டப் பாடறதே அவதான?”

“ரூல்ஸ் இருக்கே பிரதர். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க.”

“கேட்டா இன்னா? குடுங்க.”

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். “நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? அந்த நேரம் பூரா சிஸ்டர் பாடிட்டுதானே இருக்கப் போறாங்க? அவங்க எடுக்கலன்னு யாருக்குமே தெரியாது. ஒரு சங்கடமும் இல்லாம போயிடும். அதுக்காகவே நீங்க அப்படிப் போட்டீங்கன்னு கமிட்டியில எல்லாரும் நெனச்சிட்டு இருக்கோம் பிரதர்.”

கமிட்டியில் எல்லாரும் யோசித்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் யோசிக்கவில்லை. என் மனைவியின் அவமானத்தை மூடி வைக்க என் பாட்டைத் துணியாகப் பயன்படுத்தப் போகிறார்கள், அதற்கு என்னைப் பாராட்டவும் செய்கிறார்கள்.

“கொரல் வேணும், வாய் வேணாமா பாஸ்டர்?” என்று கேட்டேன். “அதே வாய்தான? பாடறப்ப மட்டும் சுத்தமா இருக்குது, துண்ணறப்ப அழுக்காயிடுதா?”

“கோபப்படாதீங்க பிரதர். இதப்பத்தி ஜெபம் பண்ணுவோம்,” என்றார். எங்கள் ஊரில் பதில் இல்லாத இடத்தில் எல்லாம் ஜெபம் பண்ணிவிடுவார்கள். அவர் கண்ணை மூடினபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் மரியகுழந்தை வேலையிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் கத்தின கத்தில் பக்கத்து லைன் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கல்யாணத்தச் சரிபண்றதா? இருபத்தேழு வருஷமா நாம இன்னா பண்ணினு இருந்தோமாம்? உங்களுக்குக் காமாலை வந்தப்ப மூணு மாசம் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது யாராம்? பக்கத்து வூட்டுக்காரியா?”

“இந்தப் பாட்டே வேணாம் மரியா. திருப்பி வாங்கிடறேன். கிழிச்சிப் போட்டுடலாம்.”

“இன்னாத்துக்கு? பாட்டு இன்னா பாவம் பண்ணிச்சி?”

“உன்ன நிக்க வெக்கறதுக்குன்னே நான் போட்ட மாதிரி ஆயிடுச்சே. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல மரியா.”

“எனக்கு மொத நாளே தெரியும்,” என்றாள். “நீங்க ரோனிகிட்ட, நாலு நாலு பேரா போவட்டும்னு சொல்லினு இருந்தீங்க இல்ல, அப்பவே எண்ணிப் பாத்தேன். எல்லாரும் போய்ட்டு வந்துட்டாங்க. நான் மட்டும் நிக்கறேன்.”

“பின்ன ஏன் ஒத்துக்கின?”

“நல்லா இருந்திச்சி பாட்டு,” என்றாள். “வேற யார்னா பாடிட்டா இன்னா பண்றதுன்னு இருந்திச்சி.”

என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை பாடுவாயா என்று கேட்டேன். பாடுவேன் என்றாள்.

ஞாயிறு காலை ஆறரை மணிப் பூசை அவளுடைய கோயிலில். எங்கள் கூட்டுக் கொயரை மேலே மாடத்தில் நிற்க வைத்திருந்தார்கள். ‘தூயவர்’ என்று பாடினோம், கோயில் அதிர்ந்தது. நன்மை கொடுக்கிற நேரத்தில் கத்தோலிக்க ஆட்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போய்விட்டு வந்தார்கள். நாங்கள் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மரியகுழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். காலைப் பூசைக்குக் கூட்டம் குறைவு, இரண்டு சுற்றிலேயே முடிந்துவிட்டது. கீழே சிறுவயதில் அவளோடு முதல்முதலாகப் புதுநன்மை வாங்கின பெண்கள் மூன்று பேர், இப்போது பேரப்பிள்ளை எடுத்தவர்கள், திரும்பி மேலே பார்த்துப் புன்னகை செய்தார்கள். ஃபாதர் முடிவில் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, இறைவன் கொடுத்த குரல் என்றார். கொடுத்தவரே பிறகு ஏன் எதையும் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று எழுந்து கேட்கலாம் போலிருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து எல்லாரும் ஒரு வேனில் ஏறி ஒன்பது மணிக்கு எங்கள் சர்ச்சுக்கு வந்தோம். வாசலில்தான் அந்த ஃப்ளெக்ஸ். அவள் ஒரு நிமிஷம் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தன் முகத்தையும் மேலே இருந்த எழுத்தையும் படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். உரிகம், கோரமண்டல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பக்கச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டும் பத்தவில்லை. தாமோதரனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றான். பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரே மேசை என்ற வார்த்தையை எத்தனை தரம் சொன்னார் என்று எண்ணினேன். பதினொன்று.

அப்பம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சர்ச்சில் பலிபீடத்துக்கு முன்னால் நீளமாக மரக் கிராதி உண்டு. பத்துப் பத்துப் பேராகப் போய் அதன் முன்னால் முழங்கால் போட்டு, உள்ளங்கையை ஏந்த வேண்டும். பாஸ்டர் தட்டோடு வருவார், பின்னாலேயே கிண்ணத்தோடு உதவிக்காரர் வருவார். மரியகுழந்தை தொடங்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கமிட்டி ஆட்கள் முதலில் போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது சுற்றில் எங்கள் கொயர் ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கத்தோலிக்க ஆட்கள் அசையாமல் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல? அழுதுகொண்டே போய் அப்பம் வாங்கினார்கள் ஜனங்கள்.

நாலாவது சுற்று தொடங்கும்போது என் முறை வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், போங்க என்று. போய் முழங்கால் போட்டேன். பாஸ்டர் வந்து என் கையில் அப்பத்தை வைத்தார். வட்டமாக, மெல்லிசாக, எடையே இல்லாமல் இருந்தது.

அப்போது பாட்டு நின்றது.

இரண்டாவது வரியின் நடுவில் நின்றது. ரோனி கீபோர்டில் நாலு சுரம் தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு அவனும் நிறுத்தினான். சுருதி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியகுழந்தை மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பாட்டுத் தாளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, நிதானமாக நடந்து வந்தாள். வரிசையில் நின்றிருந்தவர்கள் தானாக வழிவிட்டார்கள். என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தினாள்.

பாஸ்டர் எங்கள் முன்னால் நின்றார்.

“சிஸ்டர்,” என்று கிசுகிசுத்தார், “பாட்டு...”

“பாட்டு முடிஞ்சிச்சி பாஸ்டர்,” என்றாள் அவள். கிசுகிசுக்கவில்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது செய்வேன் என்பது போல. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்தார் தெரியுமா? என் மனைவியைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். சிரமப்பட்டு ஒரு எட்டு அகலமாக எடுத்துவைத்து, நீட்டின கையைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் இருந்தவர் அப்பத்தை வாங்கிக்கொண்டு அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார்.

என் கையில் இருந்த அப்பத்தை உடைத்தேன். அந்த அமைதியில் அது முறிகிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு பாதியை அவள் கையில் வைக்கப் போனேன். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

“பாதி வேணாங்க,” என்றாள். “உங்களுதுல இருந்து எனக்கு இன்னாத்துக்கு? எனக்குன்னு இருக்கறத குடுக்கச் சொல்லுங்க அவர.”

மறுபடி கையை விரித்தாள்.

என்னால் என் பாதியையும் வாயில் போட முடியவில்லை. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். கிண்ணம் வைத்திருந்தவர் குனிந்து, “எந்திரிங்க ஏசுபாதம், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க,” என்றார். நிற்கட்டும் என்றேன். எங்கள் வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் எழுந்து போனார்கள். அடுத்த பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் யாரும் வரவில்லை. பாஸ்டர் கிராதியின் கடைசிவரை போய்விட்டார். திரும்பி வருவதற்கு எங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் அங்கேயே நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் அப்பம் நிறைய இருந்தது.